மூணு முடிச்சு... ரீ-டேக் கிடையாது!

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு அடுத்தபடி அதிகமாகத் தேடப்படுகிற ஆள் யார் தெரியுமோ? போட்டோகிராபர்தான்!

‘‘போட்டோக்காரர் எங்கேப்பா?’’ என்று பெண்ணின் சித்தப்பா அலறுவார். ஆள் ஓடிவந்து மேடையில் நின்றால், ‘‘யாருப்பா அது... ஒண்ணுமே தெரியலை. மறைக்காம உட்காரச் சொல்லு!’’ என்று அதே சித்தப்பா குரல் கொடுப்பார். காலை நாலரை மணிக்கு மண்டபத்துக்குள் நுழைகிற அந்த ஜீவன், கடைசிப் பந்தியில் இலை முன்னால் உட்காரும்போது பாயசம் தீர்ந்துபோயிருக்கும். ரசம் மட்டும் தாராளமாக வரும்.

இப்படிப்பட்ட தொழிலுக்கு வருவதற்கு ஊருக்கு ஊர் இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். அக்கா கல்யாணத்தில் ஆசைக்கு நாலு படம் எடுப்பான் பையன். ‘‘அட, ஸ்டூடியோக்காரன் எடுத்ததைவிட நல்லா இருக்கேடா!’’ என்று பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லிவிடுவார். அவ்வளவுதான்... அடுத்த மாதம் தவணையில் காமிரா, அதற்கடுத்த மாதம் விசிட்டிங் கார்டு!

ஆர்வம் நல்லதுதான். ஆனால், காமிரா வாங்கிய எல்லோரும் இந்தத் தொழிலில் நிலைப்பதில்லை. நிலைப்பவர்களைக் கவனித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று புரியும். ஆயிரம் பேர் கூடும் கல்யாணத்தைப் படம் பிடிக்கப் போவதற்கு முன்னால், ஒரே ஒரு முகத்தை ஒழுங்காகப் படம் பிடிக்கக் கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். கூடவே, கொஞ்சம் கூட்டல் கழித்தலும்!

பன்னிரண்டே பன்னிரண்டு!

அந்தக் கால ஸ்டூடியோக்களில் கழுத்தில் தொங்கிய இரட்டை லென்ஸ் யாஷிகா காமிரா ஞாபகம் இருக்கிறதா? குனிந்து, மேலிருந்து எட்டிப் பார்த்து எடுப்பார்களே, அதேதான். அதில் 120 ரோல் போட்டால் பன்னிரண்டே சதுரப் படங்கள். 35 மி.மீ. ரோல் என்றால் முப்பத்தாறு. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாரா, திறந்திருந்தாரா என்பதே ரோலைக் கழுவிப் பார்த்தபிறகுதான் தெரியும். ஒவ்வொரு க்ளிக்கும் காசு. அதனால், விரலைத் தட்டுவதற்கு முன் மூளையைத் தட்டினார்கள்.

அந்த ஃபிலிம் காலம் மலையேறிவிட்டது. நம் ஊட்டியில் 1960-ல் அரசாங்கம் தொடங்கி, ‘இந்து’ ஃபிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை மூடியாகிவிட்டது. கோடக் கம்பெனியில் வேலை பார்த்த ஸ்டீவன் சாஸன் என்ற இன்ஜினீயர், 1975-லேயே டிஜிட்டல் காமிராவைச் செய்து காட்டினார். அதே கோடக், 2012-ல் திவால் மனு கொடுக்க வேண்டி வந்தது. வீட்டுக்குள் பிறந்த குழந்தையைக் கவனிக்காமல் விட்டால் இப்படித்தான்!

இப்போது ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் படம் எடுப்பது சர்வ சாதாரணம். ‘‘ஃபிலிம் செலவா என்ன? சும்மா அடிச்சுத் தள்ளு’’ என்பார்கள். சும்மா இல்லை ஸார்! காமிராவின் ஷட்டருக்கு ஆயுள் உண்டு. ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் க்ளிக் வரை தாங்கும் என்று சொல்லி விற்கப்படுகிற காமிராவில், கல்யாணத்துக்கு மூவாயிரம் வீதம் அடித்தால் ஐம்பது கல்யாணத்தில் கணக்குத் தீர்ந்துவிடும். அப்புறம் அந்த மூவாயிரத்தையும் உட்கார்ந்து பார்த்து, நல்லதைப் பொறுக்குகிற வேலை வேறு. கண் பூத்துப்போகும். டிஜிட்டலிலும் க்ளிக்குக்குக் காசு உண்டு; பில் மட்டும் லேட்டாக வருகிறது!

ஜன்னல்தான் முதல் வாத்தியார்

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? விலை உயர்ந்த விளக்கெல்லாம் அப்புறம். வீட்டில் ஜன்னல் இருக்கிறதா? அது போதும்.

வெயில் நேரடியாக அடிக்காத ஜன்னலாகப் பாருங்கள். அம்மாவையோ பாட்டியையோ அதற்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். அறையின் ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இப்போது முகத்தைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். வெளிச்சம் விழாத பக்கத்துக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே சின்னதாக ஒரு முக்கோண வெளிச்சம் விழுகிற இடம் ஒன்று வரும். ஸ்டூடியோக்காரர்கள் இதை ‘ரெம்ப்ராண்ட் லைட்டிங்’ என்பார்கள். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் படங்களில் இந்த வெளிச்சம் அடிக்கடி வரும். அதனால் வந்த பெயர். நிழல் பக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால், ஒரு வெள்ளை சார்ட் அட்டையை அந்தப் பக்கம் பிடியுங்கள். இருட்டு கரையும். செலவு, சார்ட் அட்டைக்கான சில்லறை!

தினம் ஒரு முகம் வீதம் மூன்று மாதம் இப்படிச் செய்தால் கண் பழகிவிடும். யாரைப் பார்த்தாலும், ‘இவருக்கு வெளிச்சம் இடது பக்கம்தான் எடுபடும்’ என்று தானாகவே தோன்றும். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரை முறைத்துப் பார்த்து வம்பில் மாட்டாமலிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த பாடம், தூரம். ‘‘என்னங்க, மூக்கு இவ்ளோ பெரிசா இருக்கு?’’ என்று கஸ்டமர் சண்டைக்கு வந்தால் மூக்கைக் குறை சொல்லாதீர்கள். கிட்டத்தில் போய் எடுத்திருப்பீர்கள். காமிராவுக்கு எது அருகில் இருக்கிறதோ அது பெரிதாகத் தெரியும். முகத்தில் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது மூக்குதானே! ஆறடி பின்னால் தள்ளி நின்று, 85 மி.மீ. மாதிரி லென்ஸில் எடுங்கள். மூக்கு மரியாதையாகத் தன் அளவுக்கு வந்துவிடும்.

கண்ணாடி போட்டவர்கள் வந்தால் ஃப்ளாஷ் வெளிச்சம் கண்ணாடியில் பளீரிடும். விளக்கைக் கொஞ்சம் உயர்த்துங்கள். அல்லது கண்ணாடியின் காம்பைக் காதிலிருந்து லேசாகத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். பளீர் போயே போச்!

சுருட்டைப் பிடுங்கியவர்

வெளிச்சமும் தூரமும் கைவந்தால் முகம் கிடைக்கும். அந்த முகத்துக்குள் இருக்கிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். ‘‘சிரிங்க ஸார்’’ என்றால் பல்லைத்தான் காட்டுவார்கள்.

யூசுஃப் கார்ஷ் என்று ஒருவர். துருக்கியில் அடக்குமுறையிலிருந்து தப்பிய ஆர்மீனியக் குடும்பத்துப் பையன். பதின்ம வயதில் கனடாவுக்கு வந்து, ஸ்டூடியோ வைத்திருந்த மாமாவிடம் எடுபிடியாகச் சேர்ந்தார். பையனிடம் சரக்கு இருப்பதைப் பார்த்த மாமா, பாஸ்டன் நகரில் இருந்த ஜான் காரோ என்ற போட்டோகிராபரிடம் தொழில் படிக்க அனுப்பிவைத்தார். 1932-ல் ஒட்டாவா நகரில் சொந்தமாகச் சின்ன ஸ்டூடியோ.

1941 டிசம்பரில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் ஒட்டாவாவுக்கு வந்தார். கார்ஷுக்குக் கிடைத்தது சில நிமிடங்கள்தான். சர்ச்சில் வாயில் சுருட்டு. எடுக்கச் சொன்னால் எடுக்கவில்லை. கார்ஷ் நேரே போய், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கிவிட்டார்! சர்ச்சில் உறுமுகிற சிங்கம் மாதிரி முறைத்தார். க்ளிக்! உலகப் புகழ்பெற்ற அந்தப் படம்தான் 2016-ல் வெளியான பிரிட்டனின் ஐந்து பவுண்டு நோட்டில் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு மாப்பிள்ளையின் தாய்மாமன் வாயிலிருந்து வெற்றிலையைப் பிடுங்கிவிடாதீர்கள். சமாசாரம் வேறு. எதிரில் இருப்பவர் எப்போது ‘போஸ்’ கொடுப்பதை மறக்கிறாரோ, அப்போதுதான் படம். பாட்டியிடம், ‘‘உங்க கல்யாணத்துல என்ன பாட்டி, பொன்னு என்ன விலை வித்துச்சு?’’ என்று கேட்டுப் பாருங்கள். பொக்கை வாய் தானாகத் திறக்கும்.

வெளுக்க வைக்காதீங்க!

நம் ஊர் ஸ்டூடியோக்களுக்கு ஒரு பழைய வியாதி உண்டு. மாநிறப் பெண்ணைச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆக்கிக் கொடுப்பது! ஃபிலிம் காலத்தில் நெகடிவில் பென்சிலால் ‘டச்சிங்’ செய்தார்கள். இப்போது கம்ப்யூட்டரில் ஒரே தட்டு.

இதில் உற்பத்தியாளர்களுக்கும் பங்கு உண்டு. கலர் பிரிண்ட் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கோடக் கம்பெனி லேபுகளுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். ‘ஷர்லி கார்டு’ என்று பெயர். அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம்! மற்ற நிறத்து முகங்களும் சேர்ந்த அட்டை வந்தது 1990-களில்தான்.

இன்றைய காமிராவுக்கும் ஒரு குழப்பம் உண்டு. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே நினைத்து வெளிச்சத்தை அளக்கும். ஃப்ரேம் முழுக்கப் பட்டு வேட்டியாக இருந்தால், ‘அடேயப்பா, ரொம்ப வெளிச்சம்’ என்று பயந்து குறைத்துவிடும். வேட்டி அழுக்காகும், மாப்பிள்ளை முகம் இருண்டுபோகும். ஒரு ஸ்டாப் கூட்டி எடுக்கத் தெரிந்திருந்தால், கறுப்பு முகம் அதன் மினுமினுப்போடு, உயிரோடு வரும். அரக்குச் சிவப்புக் கூறைப் புடவையில் இதற்கு நேர்மாறான ஆபத்து. வெளிச்சம் கூடினால் சரிகையும் மடிப்பும் தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். அங்கே கொஞ்சம் குறைக்க வேண்டும்.

பெண்ணை வெளுக்க வைத்துக் கொடுத்தால் அன்றைக்கு மாமியார் சந்தோஷப்படலாம். இருபது வருஷம் கழித்து மகள் அந்த ஆல்பத்தைப் பார்த்து, ‘‘யாரும்மா இது?’’ என்று கேட்பாளே!

கெட்டி மேளம்... கெட்டி மேளம்!

முகம் பிடிபட்டதா? இப்போது மண்டபத்துக்குப் போகலாம். ஆனால், தனியாக அல்ல. அனுபவப்பட்ட ஒருவருக்குப் பின்னால் இரண்டாவது காமிராவாக, ஒரு சீஸன் முழுக்க. பை தூக்கலாம், விளக்குப் பிடிக்கலாம், வெட்கமில்லை. கிராமப்புறப் பையன்கள், பெண்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. வங்கிகள் நடத்துகிற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் போட்டோ, வீடியோ பயிற்சி இலவசமாகத் தருகிறார்கள், சாப்பாட்டோடு!

மண்டபத்தில் முதல் பாடம், சடங்கு. தாலியில் மூன்று முடிச்சு. பல வீடுகளில் முதல் முடிச்சுதான் மாப்பிள்ளை; மற்ற இரண்டும் நாத்தனார். இது தெரியாதவர் மாப்பிள்ளை முகத்தையே குறிவைத்துக்கொண்டிருப்பார். நாத்தனார் ஆல்பத்தில் வெறும் கையாக மட்டும் வருவார். அப்புறம் அந்த நாத்தனாருக்குப் பதில் சொல்வது புதுப்பெண்ணின் தலையெழுத்து! சில வீடுகளில் பெண் அப்பா மடியில் உட்கார்ந்திருக்க, தாலி கட்டுவார்கள். அங்கே எடுக்க வேண்டிய முகம் அப்பாவுடையது. சுயமரியாதைத் திருமணத்தில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலே கல்யாணம் முடிந்தது. 1967-ல் தமிழ்நாடு சட்டமே கொண்டுவந்துவிட்டது. கெட்டி மேளத்துக்காகக் காத்திருந்தால் வீட்டுக்குத்தான் போக வேண்டும். சர்ச்சில், நிக்காஹில், கிராமத்துக் கோயிலில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு உச்ச கணம் உண்டு. முதல் நாளே வீட்டுப் பெரியவரைப் பிடித்து வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்வது உத்தமம்.

இரண்டாவது பாடம், புகையும் விளக்கும். ஹோமப் புகை சூழ்ந்திருக்கும்போது நேராக ஃப்ளாஷ் அடித்தால் புகைதான் வெள்ளையாக விழும். மணமக்கள் மேகத்தில் போய்விடுவார்கள். ஃப்ளாஷைப் பக்கவாட்டிலோ, மேலே கூரையிலோ பட்டுத் திரும்புகிற மாதிரி அடிக்க வேண்டும். மேடை எல்.இ.டி. விளக்குகளில் பல, கண்ணுக்குத் தெரியாமல் விநாடிக்கு நூறு தடவை துடிக்கும். நம் கரண்ட் ஐம்பது சைக்கிள் என்பதால் வருகிற வினை. ஷட்டர் வேகத்தைக் கன்னாபின்னாவென்று வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

மூன்றாவது பாடம், இடம். மேளம் உச்சத்துக்குப் போனதும் இருபது செல்போன் கைகள் உயரும். அட்சதை மழை. அந்த நேரத்தில் இடம் தேடக் கூடாது. பத்து நிமிஷம் முன்னாலேயே உட்கார்ந்துவிட வேண்டும். ஏனென்றால், சினிமாவில் கதாநாயகன் முப்பது டேக் வாங்கலாம். இங்கே, ‘‘மாப்பிள்ளை ஸார், சரியா விழலை... இன்னொரு தடவை கட்டுங்க’’ என்று கேட்க முடியுமா?

அதனால்தான் ஒரு கார்டை நம்பக் கூடாது என்கிறார்கள். இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதிவாகிற காமிரா இருந்தால் நிம்மதி. வீட்டுக்கு வந்ததும் குளிக்கும் முன்பே காப்பி எடுக்க வேண்டும்; மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். கார்டு கெட்டுப்போய்ப் படம் போனால், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கலாம். அன்றைக்கு மடியில் பெண்ணை வைத்திருந்த அப்பாவின் கண்ணீரை எதைக் கொடுத்துத் திருப்புவது?

ஆடி மாசத்துக் கணக்கு

இப்போது கொஞ்சம் கசப்பு மருந்து. படம் நன்றாக எடுக்கிறவர்கள் பலர், கணக்கு எழுதாமலே காணாமல் போயிருக்கிறார்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். காமிரா, லென்ஸ், ஃப்ளாஷ், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் என்று வையுங்கள். நாலு வருஷம் உழைக்கும். வருஷத்துக்கு இருபத்தைந்து கல்யாணம் என்றால் மொத்தம் நூறு. ஆக, ஒரு கல்யாணத்துக்குக் கருவித் தேய்மானமே மூவாயிரம்! உதவியாளர் சம்பளம், போக்குவரத்து, ஆல்பம் அச்சுக் கூலி, நாலைந்து நாள் எடிட்டிங்... எல்லாம் இதற்கு மேல். பக்கத்துத் தெருக்காரர் எட்டாயிரத்துக்குச் செய்கிறார் என்று நாமும் ஏழாயிரத்துக்கு இறங்கினால், கல்யாண வீட்டுக்கு மொய் வைத்துவிட்டு வருகிறோம் என்று அர்த்தம்.

முகூர்த்தம் வருஷம் முழுக்கக் கிடையாது. ஆடி, மார்கழி சுத்தம்; புரட்டாசியிலும் பல வீடுகளில் நாள் பார்ப்பதில்லை. வாடகையும் தவணையும் பஞ்சாங்கம் பார்க்குமா? அங்கேதான் கற்றுக்கொண்ட முகப்படக் கலை கைகொடுக்கும். பாஸ்போர்ட் சைஸ், குழந்தைக்கு முதல் பிறந்தநாள், காதுகுத்து, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம், பள்ளிக்கூட க்ரூப் போட்டோ. சின்னச் சின்ன வேலைகள்தான். ஆனால், பாஸ்போர்ட் போட்டோவில் ‘‘நானா இது!’’ என்று அசந்துபோன பெண், கல்யாணத்துக்கு வேறு யாரைக் கூப்பிடுவாள்?

கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், பிணை இல்லாத முத்ரா கடன் இருக்கிறது. ஐம்பதாயிரம் வரை ‘சிசு’, ஐந்து லட்சம் வரை ‘கிஷோர்’. சிறு தொழில் என்று பதிவு செய்யும் ‘உத்யம்’ சான்றிதழுக்குக் கட்டணமே கிடையாது. காசு கேட்டால், கேட்பவர் இடைத்தரகர்! ட்ரோன் பறக்கவிட ஆசையா? 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைத் தொழிலுக்காக ஓட்ட, 2021-ம் வருட விதிப்படி பைலட் சான்றிதழ் வேண்டும்.

ஒரு பக்கத்துக்காவது ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை படம், ஆல்பம் எந்தத் தேதி, அட்வான்ஸ் எவ்வளவு. இன்னொரு விஷயம், பல ஸ்டூடியோக்காரர்களுக்கே தெரியாதது. 1957-ம் வருட காப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். பெண் வீட்டாரைக் கேட்காமல் கல்யாணப் பெண் படத்தை ஸ்டூடியோ வாசலில் பெரிதாக மாட்டினாலோ, இன்டர்நெட்டில் போட்டாலோ வம்புதான். ஒரு வார்த்தை கேட்டு, எழுதி வாங்கிவிட்டால், அதே படம் விளம்பரம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விளம்பரம், சொன்ன தேதியில் ஆல்பம் கொடுப்பது. முதல் குழந்தையின் பிறந்தநாளுக்குப் படம் எடுக்கப் போகும்போது கல்யாண ஆல்பத்தைக் கையில் கொண்டுபோகிற ஸ்டூடியோக்களை நாடறியும்!

தாத்தாவுக்கு ஒரு படம்

எந்த ஸ்டூடியோவிலும் மாதத்துக்கு ஒருமுறையாவது இந்தக் காட்சி நடக்கும். கண் சிவந்த ஒருவர் கையில் பழைய க்ரூப் போட்டோவோடு வந்து நிற்பார். ‘‘தம்பி, இதுல மூணாவது வரிசையில இருக்கிறவர்... எங்கப்பா. நேத்து போயிட்டார். முகத்தை மட்டும் பெரிசு பண்ணித் தர முடியுமா? வேற படமே இல்லைப்பா...’’

பெரிசு பண்ணினால் புள்ளி புள்ளியாக உடைந்து வரும். பாதி முகத்தை முன்னால் நிற்பவரின் தலை மறைத்திருக்கும். மகன் கல்யாணத்துக்கும் பேத்தி கல்யாணத்துக்கும் வந்தவர்தான். சுற்றிலும் ஆயிரக்கணக்கில் க்ளிக் நடந்திருக்கிறது. அவரை மட்டும் ஒருவரும் உட்கார வைத்து எடுக்கவில்லை.

தொழில் தெரிந்த போட்டோகிராபர்கள் இதற்கென்றே ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள். வரவேற்பு ஆரம்பிக்கும் முன், அரை மணி நேரம். மண்டபத்தில் ஜன்னலோரமாக ஒரு நாற்காலி. வீட்டுப் பெரியவர்களை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து உட்காரவைத்து, நாலு வார்த்தை பேசி, ஆளுக்கு ஒரே ஒரு படம். ஒப்பந்தத்தில் இருக்காது, யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

அதை இப்போது ஆல்பத்தில் யாரும் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள். ஆனால், ஒரு நாள் அந்தப் படம் சட்டம் போட்டு, மாலை போட்டு, கூடத்தில் ஏறும். வருகிறவர்கள், ‘‘அப்படியே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்காரே... யார் எடுத்தது?’’ என்று கேட்பார்கள். அந்த வீட்டின் அடுத்த கல்யாணத்துக்கு போட்டோகிராபர் யார் என்பது அப்போதே முடிவாகிவிடும்.

அந்தத் தடவையாவது அவருக்குக் கொஞ்சம் பாயசம் எடுத்து வையுங்கள், ஸார்!